வயர்கிராஸ் பூக்கவே இல்லை, என்ன குறை? (லாங்லீஃப் பைன் காடு, தீ, வீட்டுத் தோட்டம்)

மணல்மேடு | சதர்ன் பைன்ஸ், வட கரோலினா

வணக்கம். இது தோட்டப் பகுதிக்கு உரிய கேள்வியா, காட்டுப் பகுதிக்கு உரியதா என்று தெரியவில்லை. மட்டுறுத்துநர் இடம் மாற்றினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எங்கள் வீடு சாண்ட்ஹில்ஸ் மணல் மேட்டில் இருக்கிறது. முன்புறம் இருந்த பெர்முடா புல்தரையை எடுத்துவிட்டு, இந்த மண்ணுக்கே உரிய செடிகளை மட்டும் வைப்பதென்று முடிவெடுத்தோம். பக்கத்தில் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் கோல்ஃப் களம். 2014 யு.எஸ். ஓப்பன் போட்டிக்கு முன்பு அங்கே புல்தரையைப் பெருமளவு குறைத்து வயர்கிராஸ் என்ற காட்டுப்புல்லின் நாற்றுகளை 2 லட்சத்துக்கும் மேல் நட்டார்கள். அதைப் பார்த்து வந்த ஆசைதான்.

நாற்றுகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. ஆனால் கதிர் மட்டும் வரவே இல்லை. இலைகள் நீண்டு சாய்ந்து கிடக்கின்றன. பழைய இலை உதிராமல் தூருக்குள்ளேயே காய்ந்து வைக்கோல் நிறமாகத் தங்கிவிட்டது. உரம் போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. இதற்கிடையில் "பராமரிக்கப்படாத புல்" என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வேறு வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

ரோஸ்மேகம் | சார்லஸ்டன், தென் கரோலினா

இத்தனை பாடு எதற்கு? பிங்க் மியூலி வையுங்கள். அதுவும் இந்த நாட்டுப் புல்தான். அக்டோபரில் தெருவே இளஞ்சிவப்பாக இருக்கும். சங்கத்துக்காரர்களே வந்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். நான் பல வீடுகளுக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

தீக்கோடு | தாமஸ்வில், ஜார்ஜியா

மணல்மேடு, முதலில் உரத்தை நிறுத்துங்கள். சத்தில்லாத மணலில் வாழப் பழகிய புல் அது. நீங்கள் உரம் போட்டு அதன் பக்கத்தில் களையை வளர்க்கிறீர்கள்.

உங்கள் புல்லுக்கு இல்லாதது நெருப்பு. நான் திட்டமிட்ட எரிப்புக் குழுக்களில் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வயர்கிராஸ் நன்றாகப் பூக்க வேண்டுமானால் எரிய வேண்டும். எரிந்தால் மட்டும் போதாது, எந்த மாதத்தில் எரிந்தது என்பது முக்கியம். மே முதல் ஆகஸ்ட் வரை, அது வளரும் காலத்தில் தீப்பட்டால் அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கதிர் தள்ளும். நவம்பர் வாக்கில் விதை முற்றும். ஜனவரி, பிப்ரவரியில் எரித்தால் தளிர்க்கும், பச்சையாக அழகாக இருக்கும், கதிர் அநேகமாக வராது. எரியாமலே விட்டால் ஆண்டுக்கணக்கில் நீங்கள் சொன்னபடியே நிற்கும். எங்கள் பக்கத்தில் காடை வேட்டைக்காகக் காடு பராமரிப்பவர்கள் வழிவழியாகக் குளிர்காலக் கடைசியில்தான் எரித்துவந்தார்கள். புல் உயிரோடு இருந்தது, விதை மட்டும் கிடைக்கவில்லை. இது விதையில்லாத புல் என்றே நினைத்தவர்களும் உண்டு.

ஏன் இந்தக் காலக்கணக்கு? தென்கிழக்கு மாநிலங்களில் இடி மின்னல் கூடுவது மே மாதத்திலிருந்து. மே, ஜூனில் தரை இன்னும் காய்ந்திருக்கும், மழை முழுதாகப் பிடித்திருக்காது. அந்த இடைவெளியில் விழும் மின்னல்தான் மனிதர் வருவதற்கு முன்பே இந்தக் காடுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தத் தீயோடு ஒத்து வளர்ந்த புல் இது. எரிந்த தரையில் நிழல் இல்லை, சருகு இல்லை, போட்டி குறைவு. விதை விழுவதற்கு அதைவிட நல்ல தருணம் கிடையாது.

தீயைப் பரப்புவதும் இந்தப் புல்தான். இந்தக் காட்டின் மரமான லாங்லீஃப் பைனின் ஊசியிலை ஓர் அடிக்கும் மேல் நீளம், பிசின் நிறைந்தது. அது தரையில் விழுந்து படிந்தால் ஈரம் பிடித்து மட்கிப்போகும். வயர்கிராஸ் குத்தின்மேல் விழுந்தால் தொங்கிக்கொண்டு காற்றோட்டமாகக் காயும். மழை பெய்த மறுநாளே பற்றிக்கொள்ளும். ஊசியிலை எண்ணெய் என்றால் புல் திரி. திரி அறுந்த இடத்தில் தீ நின்றுவிடும். நின்ற இடத்தில் ஓக் கன்றுகளும் ஸ்வீட்கம் கன்றுகளும் எழும்பும். அவற்றின் நிழலில் புல் மெலியும், அடுத்த தீ இன்னும் அதிக இடத்தில் நிற்கும். இப்படியே ஒரு தலைமுறைக்குள் பைன் காடு வேறு காடாகிவிடுகிறது.

ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தத் தீ வர வேண்டும். தணலும் புகையுமாக மரத்தின் உச்சிவரை ஏறும் தீயை நினைக்காதீர்கள். முழங்கால் உயரத்துக்குத் தரையோடு ஓடும் தீ. புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டி, பழைய இலையுறைகளுக்குள் பத்திரமாக இருக்கும். எரிந்த சில நாள்களில் கரித் தரையில் பச்சை முளைகளைப் பார்க்கலாம்.

பெயர்ப்பலகை | கெய்ன்ஸ்வில், ஃப்ளோரிடா

தீக்கோடு சொன்னதோடு ஒரு திருத்தமான கூடுதல். "வயர்கிராஸ்" என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு உண்டு. மணல்மேட்டின் ஊரில் இருப்பது அரிஸ்டிடா ஸ்ட்ரிக்டா. பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷோ 1803இல் பெயர் வைத்தது. தென் கரோலினாவின் நடுவில் ஓர் இடைவெளி. அதற்குத் தெற்கே ஜார்ஜியா, ஃப்ளோரிடா, அலபாமா என்று மிசிசிப்பியின் தென்பகுதிவரை இருப்பது அரிஸ்டிடா பெய்ரிக்கியானா. 1993இல் ராபர்ட் பீட் இரண்டையும் ஆராய்ந்து பிரித்தார். இரண்டும் ஒன்றே என்று சொல்கிற தாவரவியலாளர்களும் இருக்கிறார்கள். நான் பீட் பக்கம்.

மிசிசிப்பிக்கு மேற்கே லாங்லீஃப் பைன் கிழக்கு டெக்சாஸ்வரை போகிறது, வயர்கிராஸ் போவதில்லை. அங்கே புளூஸ்டெம் புற்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆகவே இந்தப் புல் இல்லாமல் லாங்லீஃப் காடே இல்லை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

பிங்க் மியூலி பற்றியும் ஒன்று. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது மியூலன்பெர்ஜியா கபில்லாரிஸ் என்பார்கள். பல நேரம் கடற்கரை மணற்குன்றுகளில் வளரும் செரிசியாதான் அந்தப் பெயரில் விற்பனையாகிறது. பைன் காட்டுச் சதுப்பில் தீக்குப் பின் திரளாகப் பூக்கும் மியூலி வேறு ஒன்று, எக்ஸ்பான்சா. அது கடைகளில் அரிது.

ரோஸ்மேகம் | சார்லஸ்டன், தென் கரோலினா

செரிசியா என்றால் எங்கள் ஊர்ப் புல்தான். அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை. இங்கே மவுண்ட் பிளசன்ட் சாலையோரத்தில் கல்லா சமூகத்துப் பெண்கள் அந்த ஸ்வீட்கிராஸைக் கொண்டுதான் கூடை முடைகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவேலை, இன்றும் தொடர்கிறது. அந்தக் கூடையில் நிறம் காட்டுவதற்கு லாங்லீஃப் பைன் ஊசியையும் சேர்த்து முடைவார்கள். உங்கள் காட்டு மரமும் எங்கள் கடற்கரைப் புல்லும் அங்கே சேர்ந்துவிட்டன.

பெயர்ப்பலகை | கெய்ன்ஸ்வில், ஃப்ளோரிடா

வெட்கப்படச் சொல்லவில்லை அம்மா. சார்லஸ்டனில் தாராளமாக வையுங்கள். ஒரு செடி "நாட்டுச்செடி" என்பது எந்த நாட்டில், எந்த மண்ணில் என்பதைப் பொறுத்தது. இதே பிங்க் மியூலியைத் தென் கொரியாவில் படம் எடுப்பதற்காகவே பூங்கா பூங்காவாக நட்டார்கள். 2019 இறுதியில் அந்நாட்டு அரசு அதைச் சூழலுக்கு இடர் தரக்கூடிய இரண்டாம் நிலைச் செடிகளில் சேர்த்தது. ஜேஜூ தீவில் நட்டதைப் பிடுங்கியும் போட்டார்கள்.

தேனிக்காரி | தேனி

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வருகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்ததை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மலையேறப் போன பிள்ளைகள் காய்ந்த புல்லில் ஓடிவந்த தீயில் சிக்கிக் கருகினார்கள். தீயை நல்லது, அழகு, பூக்கும் என்றெல்லாம் எழுதுவது அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எளிது. இதைப் படித்துவிட்டு இங்கே ஒருவன் தீக்குச்சி கிழித்தால் யார் பொறுப்பு?

தீக்கோடு | தாமஸ்வில், ஜார்ஜியா

உங்கள் கோபம் நியாயமானது. குரங்கணியில் நடந்தது செங்குத்தான சரிவில், மார்ச் மாத வறட்சியில், காற்றோடு ஏறிய தீ. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. நான் பேசுவது தட்டையான மணல் நிலத்தில், காற்றின் வேகமும் ஈரப்பதமும் பார்த்து, சுற்றிலும் மண்ணைக் கீறித் தடுப்புக்கோடு போட்டு, தண்ணீர் வண்டி வைத்துக்கொண்டு, பெரும்பாலும் காற்றுக்கு எதிர்த்திசையில் மெல்ல விடும் தீ. அனுமதி எண் வாங்காமல் நாங்கள் ஒரு சருகைக்கூடப் பற்றவைப்பதில்லை. ஃப்ளோரிடாவில் இதற்கென்றே 1990இல் சட்டம் இயற்றினார்கள்.

அதைவிட முக்கியமாக, இந்தக் காட்டுக்குப் பொருந்துவது எந்தக் காட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சோலைக்காட்டில் தீ வைத்தால் அது கொலை. ஏன், இங்கேயே அறுபது எழுபது ஆண்டு தீ படாமல் கிடந்த லாங்லீஃப் காட்டில் அவசரப்பட்டுத் தீ விட்டால், மரத்தடியில் மெத்தையாகச் சேர்ந்த மட்கு நாள்கணக்கில் கனன்று, மேல்வேர்களை வேகவைத்து, நூறு தீயைத் தாங்கிய கிழட்டு மரங்களைக் கொன்றுவிடும். நான் அப்படிச் செத்த மரங்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே பட்டையில் கரிகூட இருக்காது.

சத்தி_வனம் | சத்தியமங்கலம்

தேனிக்காரி அக்கா, நம் பக்கத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. கர்நாடகத்துப் பிலிகிரி ரங்கன மலையில் சோலிகர் பழங்குடியினர் ஆண்டின் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். "தரகு பெங்கி" என்பார்கள். 1974இல் சரணாலயம் ஆனபின் அது நின்றது. அதன்பிறகுதான் உண்ணிச்செடி காட்டையே மூடியது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உண்ணிச்செடி அடைத்த காட்டில் இப்போது பிடிக்கிற தீ பழைய சருகுத் தீ போல இல்லை, மரத்தில் ஏறுகிறது. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாத் தீயும் குரங்கணித் தீ அல்ல.

மட்டுறுத்துநர்

நல்ல விவாதம்தான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைத் தீக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே வயர்கிராஸ், லாங்லீஃப் பைன் மட்டும்.

டோத்தன் டீச்சர் | டோத்தன், அலபாமா

நான் இருக்கும் பகுதிக்கே "வயர்கிராஸ்" என்றுதான் பெயர். தென்கிழக்கு அலபாமாவும் ஒட்டிய ஜார்ஜியா, ஃப்ளோரிடாப் பகுதிகளும் சேர்ந்தது. கடைப் பெயர், கல்லூரிப் பெயர் எல்லாவற்றிலும் அந்தப் புல் இருக்கும். என் வகுப்பில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அந்தப் புல்லைப் பார்த்ததில்லை. நிலக்கடலைக்கும் பருத்திக்கும் உழுதாகிவிட்டது. உழுத மண்ணுக்கு அது தானாகத் திரும்பி வராது. விதை மண்ணில் நெடுநாள் தாங்காது, முளைப்பதும் குறைவு. ஒரு காட்டில் வயர்கிராஸ் அடர்ந்திருந்தால் அந்த மண்ணில் கலப்பை பட்டதில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வரலாற்றைக் கொஞ்சம் சேர்க்கிறேன், பாடம் எடுக்கும் பழக்கம் விடவில்லை. வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ்வரை ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் லாங்லீஃப் காடு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிஞ்சியது ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர். வெட்டியதும், பிசின் வடித்ததும், உழுததும், வேகமாக வளரும் வேறு பைன்களை நட்டதும் தெரிந்த கதை. தெரியாத பாதி, தீயை நிறுத்தியது.

மஸ்கோகிப் பழங்குடி மக்கள் எரித்தார்கள். பின்னால் வந்த மாடு மேய்க்கும் வெள்ளைக்காரக் குடியானவர்களும் எரித்தார்கள், எரிந்த பின் வரும் இளம்புல்லுக்காக. முற்றிய வயர்கிராஸை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். 1920களின் இறுதியில் அமெரிக்க வனவியல் சங்கம் இந்தக் கிராமங்களுக்கு லாரியில் படம் போடும் கருவியோடு ஆள் அனுப்பியது. காட்டை எரிப்பது அறியாமை என்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 1944இல் காட்டுத்தீயைத் தடுக்கச் சொல்லும் விளம்பரச் சின்னமாக ஸ்மோக்கி கரடி வந்தது. கிராமத்தான் செய்வதெல்லாம் மூடத்தனம் என்று படித்தவர்கள் முடிவுகட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

அதே காலத்தில் மாற்றுக் குரலும் இருந்தது. ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவர் தாமஸ்வில்லுக்கும் தல்லஹாசிக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் பாப்வொய்ட் காடை ஏன் குறைகிறது என்று ஆராய வந்தவர். தீயை நிறுத்தியதால் குறைகிறது என்று 1931இல் வெளியிட்டார். யேல் பல்கலைக்கழகத்து சாப்மன் தீயில்லாமல் லாங்லீஃப் பைனே நிலைக்காது என்று எழுதினார். 1958இல் தல்லஹாசிக்கு வடக்கே டால் டிம்பர்ஸ் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1962இல் அந்த நிலையத்தார் தீச் சூழலியல் மாநாடு நடத்தினார்கள். காடை சுடுகிற பணக்காரர்களின் ஆர்வத்தால் ஒரு காட்டின் அறிவியல் பிழைத்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

தீக்கோடு | தாமஸ்வில், ஜார்ஜியா

வேடிக்கை அதோடு முடியவில்லை டீச்சர். மிஞ்சிய காட்டில் மிகச் சிறந்த பகுதிகள் சில இராணுவத் தளங்களுக்குள் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் எக்லின் விமானப்படைத் தளம், மணல்மேட்டின் ஊருக்குப் பக்கத்தில் ஃபோர்ட் பிராக். குண்டு விழும் பயிற்சி நிலத்தில் அடிக்கடி தீப்பிடிக்கும். வெடிக்காத குண்டு கிடக்கும் என்பதால் யாரும் உள்ளே போய் அணைக்கவில்லை, உழவுமில்லை, வீடுமில்லை. 1970இல் அழியும் பட்டியலில் சேர்ந்த ரெட் காக்கேடட் மரங்கொத்தி ஃபோர்ட் பிராக்கில் நிறைய இருக்கிறது. உயிருள்ள கிழட்டுப் பைனில் பொந்து குடையும் பறவை அது. 2024இல் அதை ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளான பறவை என்று மாற்றினார்கள்.

அமாவாசை_அட்லாண்டா | அட்லாண்டா, ஜார்ஜியா

புல் பற்றித் தெரிந்தவர்கள் கூடியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். தர்ப்பணத்துக்குத் தருப்பை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. தெற்கு அலபாமாவில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் அசல் தருப்பை வெள்ளைப் பூவோடு நிற்பதைப் பார்த்தேன். நம் ஊர் வயல் வரப்பில் நிற்பதேதான். நாலு வேரைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொல்லையில் வைக்கலாம் என்றிருக்கிறேன். வெப்பமான ஊர், நன்றாக வரும் அல்லவா?

தீக்கோடு | தாமஸ்வில், ஜார்ஜியா

ஐயா, தயவுசெய்து வேண்டாம். மிக நன்றாக வரும், அதுதான் பிரச்சினை. நீங்கள் பார்த்தது இம்பெரேட்டா சிலிண்ட்ரிகா, இங்கே கோகன்கிராஸ் என்பார்கள். மத்திய அரசின் தீங்கு தரும் களைகளின் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வேரையோ விதையையோ கொண்டுபோவது குற்றம்.

1911, 12 வாக்கில் ஜப்பானிலிருந்து அலபாமாவின் மொபைல் பக்கம் ஆரஞ்சுக் கன்றுகள் வந்த பெட்டிகளில் பொதிவைக்கோலாக இந்தப் புல் வந்து சேர்ந்தது. பிறகு மாட்டுத்தீவனம் ஆகும் என்று பிலிப்பைன்ஸிலிருந்து வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள். மாடு தின்னவில்லை. இன்று வளைகுடா மாநிலங்களில் பெருந்தொல்லை.

வயர்கிராஸும் எரியும் புல், தருப்பையும் எரியும் புல். இருந்தும் ஒன்று காட்டைக் காக்கிறது, மற்றது கெடுக்கிறது. வயர்கிராஸ் குத்துக் குத்தாக நிற்கும். குத்துகளுக்கு நடுவே வெறும் மணல் தெரியும். அந்த இடைவெளியில்தான் மற்ற நூறு செடிகளும் பைன் நாற்றும் பிழைக்கின்றன. தருப்பை அடியில் வேர்த்தண்டு விட்டு, இடைவெளியே இல்லாமல் பாயாகப் படர்ந்து, ஆள் நெஞ்சளவு உயர்ந்து நிற்கும். எரியும்போது சூடும் உயரமும் பல மடங்கு. வயர்கிராஸ் தீயில் பிழைக்கும் பைன் கன்று தருப்பைத் தீயில் சாகிறது. எரிந்த பிறகு மண்ணுக்கடியில் இருக்கும் வேர்த்தண்டு முதல் ஆளாக எழுந்துவிடும். தீயைக் கொண்டே தீக்காட்டைப் பிடிக்கும் புல் அது.

பெயர்ப்பலகை | கெய்ன்ஸ்வில், ஃப்ளோரிடா

இதே புல்லின் செந்நிற வகையை "ரெட் பேரன்" என்றும் ஜப்பானிய இரத்தப்புல் என்றும் அழகுச்செடியாக விற்றார்கள். பல தென்மாநிலங்களில் இப்போது தடை. சிவப்பு மங்கிப் பச்சையாக மாறிப் படரக்கூடியது. ரோஸ்மேகம் அம்மா, உங்கள் வாடிக்கையாளர் தோட்டத்தில் யாரேனும் பழையது வைத்திருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமாவாசை_அட்லாண்டா | அட்லாண்டா, ஜார்ஜியா

சரி, சரி. பித்ருக்களுக்குப் புல் வளர்க்கப் போய் ஜெயிலுக்குப் போக வேண்டாம். உலர்ந்த தருப்பைக் கட்டு ஒன்றையே வாங்கிக்கொள்கிறேன். அமெரிக்க அரசின் தீங்குப் பட்டியலில் தருப்பை இருக்கிறது என்றால் எங்கள் சாஸ்திரிகள் நம்பவே மாட்டார்.

மணல்மேடு | சதர்ன் பைன்ஸ், வட கரோலினா

எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது ஒரு கதிர், கிடைத்தது ஒரு காடு. தீக்கோடு அண்ணா, குத்துகளுக்கு நடுவில் நூறு செடி பிழைக்கிறது என்றீர்களே, அது பேச்சுக்குச் சொன்னதா? நான் நட்ட இடத்தில் நடுவே எதுவும் இல்லை. இன்னொன்று: வீட்டுப் பின்புறம் புல் போலவே ஒரு குத்து, நல்ல பச்சை, வயர்கிராஸைவிட அழகாக இருக்கிறது, நட்டது யாரென்று தெரியவில்லை. படம் இணைத்திருக்கிறேன்.

பெயர்ப்பலகை | கெய்ன்ஸ்வில், ஃப்ளோரிடா

படத்தில் இருப்பது புல் அல்ல, மரம்! லாங்லீஃப் பைன் கன்று. இந்த மரம் முளைத்ததும் உயரமாக வளராது. சில ஆண்டுகள், சில நேரம் பத்து ஆண்டுக்கு மேலும், புல்குத்து போலத் தரையோடு உட்கார்ந்து ஆணிவேரை இறக்கிக்கொண்டிருக்கும். நீண்ட ஊசிகள் அடர்ந்து நடுமொட்டை மூடிக் காக்கும். தீ வந்தால் ஊசி எரியும், மொட்டு பிழைக்கும். ஊசியில் வரும் பழுப்புப்புள்ளி நோயும் அந்தத் தீயோடு போய்விடும். பிறகு ஒரு பருவத்தில் சட்டென்று தண்டு எழுந்து, இளம் மொட்டு தீக்கு எட்டாத உயரத்தைப் பிடிக்கும். தயவுசெய்து அதைக் கத்தரித்துவிடாதீர்கள். வெய்மவுத் உட்ஸ் இயற்கைக் காப்பகம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது? அங்கே 1548இல் முளைத்ததாகக் கணக்கிட்ட ஒரு லாங்லீஃப் நிற்கிறது. உயிரோடு இருப்பவற்றில் அறியப்பட்ட மிக வயதானது. அதுவும் ஒரு காலத்தில் உங்கள் படத்தில் இருப்பது போலத்தான் இருந்திருக்கும்.

நூறு செடி என்பது பேச்சுக்கு அல்ல. வில்மிங்டன் பக்கம் கிரீன் ஸ்வாம்ப்பில் அடிக்கடி எரியும் ஈரச் சவன்னாவில் ஒரு சதுர மீட்டரில் 40க்கும் மேற்பட்ட தாவர இனங்களை எண்ணியிருக்கிறார்கள். சிறிய பரப்பில் இத்தனை வகை வட அமெரிக்காவில் வேறெங்கும் அரிது. வீனஸ் ஈப்பொறிச் செடி உலகத்திலேயே இயல்பாக வளர்வது வில்மிங்டனைச் சுற்றிய அந்த வட்டாரத்தில்தான். தீயில்லாவிட்டால் புதர் மூடி அது செத்துவிடும். உங்கள் மணல்மேடு வறண்டது, அத்தனை வராது. ஆனால் வரும்.

தீக்கோடு | தாமஸ்வில், ஜார்ஜியா

மணல்மேடு, இனி செய்ய வேண்டியது.

வீட்டில் தீ வைக்காதீர்கள். அனுமதி, காப்பீடு, பக்கத்து வீட்டுக் கூரை, புகை எல்லாம் இருக்கிறது. காலி மனை ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவர்கள் மாநில வனத்துறையிடம் கேட்கலாம், முன்புறத் தோட்டத்துக்கு அது இல்லை.

தீக்குப் பதிலாக ஜூன் மாதத்தில் ஒரு தடவை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கும் கீழே அறுத்துவிடுங்கள். அறுத்ததையும் உள்ளே காய்ந்து கிடப்பதையும் சீப்பு வாரியால் வாரி வெளியே எடுத்துவிடுங்கள், மணல் தெரிய வேண்டும். வயர்கிராஸ் அறுப்புக்கும் ஓரளவு பதில் சொல்லும். சில குத்துகளில் கதிர் வரும். தீ பட்ட காட்டில் தொடுவானம்வரை பொன்னிறமாக நிற்பதை எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அறுக்க வேண்டாம், ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு போதும். சங்கத்துக்காரர்களுக்கும் அறுத்த ஆண்டில் ஒழுங்காகத் தெரியும்.

சுவரை ஒட்டி ஐந்து அடிக்குள் ஒரு குத்துகூட வைக்காதீர்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னதன் பொருள், அது எரிவதற்கென்றே ஆன புல். ஏற்கெனவே வைத்திருந்தால் குளிர்காலத்தில் பெயர்த்துத் தள்ளி நடுங்கள். அந்த ஐந்து அடியில் சரளைக் கல் போடுங்கள். உங்கள் ஊரில் மூட்டை மூட்டையாக விற்கிற பைன் ஊசியை வீட்டுச் சுவரோரம் மூடாக்காகப் போடுவதையும் நிறுத்துங்கள். அந்த ஊசியை வாரி விற்பதற்காகவே காட்டுத் தரையைச் சுரண்டி எடுக்கிறார்கள். தீக்கு எரிபொருள் குறைகிறது, புல்லும் வாரியில் மாட்டிப் பிய்கிறது.

ரோஸ்மேகம் | சார்லஸ்டன், தென் கரோலினா

ஜூனில் அறுப்பதா! அழகுப்புல் எல்லாவற்றையும் பிப்ரவரிக் கடைசியில் அறுக்கச் சொல்லித்தான் எல்லாத் தோட்ட அட்டவணையிலும் இருக்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

தீக்கோடு | தாமஸ்வில், ஜார்ஜியா

மியூலிக்கு அது சரி, அப்படியே தொடருங்கள். வயர்கிராஸை பிப்ரவரியில் அறுப்பது குளிர்காலத் தீ மாதிரிதான், இலை வரும்.

ஊற்றுக்கண் | ஒகாலா, ஃப்ளோரிடா

என்னிடம் போன நவம்பரில் சேர்த்த வயர்கிராஸ் விதை இருக்கிறது. என் நண்பரின் நிலத்தில் ஜூனில் எரித்த இடத்தில் சேர்த்தது, அவர் அனுமதியோடுதான். மூன்று சுணை நீட்டிக்கொண்டு சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவர் நிலத்தில் கோஃபர் ஆமைகள் வேறு இந்தப் புல்லைத்தான் மேய்கின்றன. அவற்றின் வளைக்குள் தவளை, பாம்பு என்று 350க்கும் மேற்பட்ட உயிரினங்கள் ஒதுங்குகின்றன என்பார்கள், நான் ஒரு பாம்பைப் பார்த்ததோடு சரி. மணல்மேடு, விதை வேண்டுமானால் தபாலில் அனுப்புகிறேன்.

பெயர்ப்பலகை | கெய்ன்ஸ்வில், ஃப்ளோரிடா

அனுப்பாதீர்கள். மேலே சொன்னேனே, உங்களுடையது பெய்ரிக்கியானா, அவருடையது ஸ்ட்ரிக்டா. ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு மண்ணில் விளைந்த விதை அதே மண்ணில்தான் நன்றாக நிற்கிறது என்று இடம் மாற்றி நட்டுப் பார்த்த சோதனைகள் காட்டுகின்றன. பக்கத்தில் வெய்மவுத் உட்ஸும் ஃபோர்ட் பிராக்கும் இருக்கிற இடத்தில் ஃப்ளோரிடா மகரந்தம் எதற்கு? அவர் ஊர் நாற்றுப்பண்ணையில் உள்ளூர் விதையில் வளர்த்த நாற்று கிடைக்கும். விதை எங்கே சேர்த்தது என்று கேட்டு வாங்கட்டும். சொல்லத் தெரியாத பண்ணையில் வாங்க வேண்டாம். ஊற்றுக்கண், உங்கள் விதையை ஒகாலாவிலேயே இந்தக் குளிர்காலத்துக்குள் விதைத்துவிடுங்கள். வைத்திருந்தால் வீணாகும்.

மணல்மேடு | சதர்ன் பைன்ஸ், வட கரோலினா

என் நாற்று எந்த ஊர் விதை என்று பண்ணையில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். சுவரோரம் இருப்பதை டிசம்பரில் பெயர்க்கிறேன். அந்தப் பைன் கன்றைச் சுற்றிக் கல் அடுக்கிவிட்டேன், புல்வெட்டிக்காரர் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாது. பெயர்த்த குத்துகளை எவ்வளவு இடைவெளியில் நட வேண்டும்?

தீக்கோடு | தாமஸ்வில், ஜார்ஜியா

இரண்டு அடி. அழகுக்காக நெருக்கி நடாதீர்கள், நடுவில் வேறு செடிக்கு இடம் வேண்டும். நட்ட முதல் கோடையில் மழை தவறினால் மட்டும் தண்ணீர். உரம் கிடையாது.